ஏச்சையும் எழுதுங்கள்

(சுகாதாரப் பணியாளர்களுக்கான வேலையிட வன்முறைத் தடுப்புப் பயிற்சியில் ஆற்றிய உரை)



நான் மருத்துவர் இல்லை, தாதியும் இல்லை. மொழிபெயர்ப்பாளர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தேன். தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் வரும் சுகாதாரக் கையேடுகளைத் தமிழில் தருவது என் வேலை. டிங்கிக் காய்ச்சல், நீரிழிவு, தடுப்பூசி அட்டவணை என்று பலவற்றைச் செய்திருக்கிறேன். எதுவும் என்னை இந்த அளவுக்குத் திணறடித்ததில்லை. சுகாதாரப் பணியாளர்களுக்கான வன்முறைத் தடுப்புப் பயிற்சியைப் புதுப்பிக்கிறோம், தமிழ்ப் பகுதியைச் செய்து கொடுங்கள் என்று கேட்டார்கள். இரண்டு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது. ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

நீங்கள் ஈப்போவில் ஒரு பெரிய மருத்துவமனையில் தாதியாக இருக்கலாம். சுங்கை சிப்புட்டிலோ சிம்மோரிலோ ஒரு கிராமக் கிளினிக்கில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பெற்றவர்களைப் பார்க்கிறவராக இருக்கலாம். நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறவர், முகப்பில் எண் கொடுக்கிறவர், தரை துடைக்கிறவர், வாசலில் நிற்கும் ஜாகா, யாராக இருந்தாலும் இது உங்களுக்கும்தான். என் அம்மாவும் ஒரு மருத்துவமனையில் இருபத்தாறு ஆண்டுகள் அட்டண்டனாக வேலை செய்தவர்.

பத்துப் பேரும் கை தூக்கவில்லை

கையேட்டின் முதல் பக்கத்திலேயே வரும் மலாய்ச் சொல் 'கெகானாசான்'. வன்முறை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அகராதிப்படி சரிதான். வரைவு தயாரானதும் ஈப்போவில் பத்துப் பணியாளர்களிடம் அதை வாசித்துக் காட்டினேன். "கடந்த ஓராண்டில் வேலையிடத்தில் வன்முறைக்கு ஆளானவர்கள் கை தூக்குங்கள்" என்று படித்தேன். ஒருவரும் தூக்கவில்லை. அட, இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒரு நொடி மகிழ்ந்துகூடப் போனேன்.

பிறகு ஏதோ தோன்றி, "சரி, யாரெல்லாம் ஏச்சு வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டேன். பத்துக் கையும் மேலே போயின. சிரிப்பு வேறு. "தள்ளுறது, கிள்ளுறது, எதையாவது தூக்கி எறியுறது?" ஆறு கை. ஓர் அக்கா சொன்னார்: "என் மூஞ்சியில எச்சி துப்பினாரு. ஆனா அது வன்முறை இல்லீங்க. வயசானவரு, வலியில இருந்தாரு."

வன்முறை என்றதும் அவர்கள் மனத்தில் வருவது பாராங் கத்தி, குண்டர் கும்பல், பத்திரிகையின் முதல் பக்கம். பேராக்கில் அந்தச் சொல்லுக்குப் பழைய பாரம் ஒன்றும் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. தோட்டத்தில் வளர்ந்த நம் தாத்தா பாட்டிக்கு வன்முறை என்றால் துப்பாக்கி, முள்வேலி, ஊரடங்கு. மலாயிலும் 'கெகானாசான்' என்பது பயங்கரவாதத்துக்கும் புழங்குகிற சொல். அவ்வளவு பெரிய சொல்லை எடுத்து, கன்னத்தில் விழுந்த ஓர் அறைக்குப் பெயராக வைக்க நமக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் உலகம் அந்தக் கூச்சத்தை எப்போதோ விட்டுவிட்டது. 2002-ஆம் ஆண்டில் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தாதியர் மன்றமும் உலகப் பொதுச் சேவைத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து ஒரு வழிகாட்டியை வெளியிட்டன. அதன்படி வேலை தொடர்பான சூழ்நிலையில் ஒரு பணியாளர் ஏசப்பட்டாலும் மிரட்டப்பட்டாலும் தாக்கப்பட்டாலும், அதனால் அவருடைய பாதுகாப்போ நலமோ உடல்நிலையோ கேள்விக்குறியானால், அது வேலையிட வன்முறை. வேலைக்குப் போகும் வழியும் திரும்பும் வழியும்கூட இதில் சேரும். நம் நாட்டில் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2001-இலேயே மன உளைச்சலையும் வன்முறையையும் தடுப்பதற்கு ஒரு வழிகாட்டியைக் கொண்டுவந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், சுகாதாரப் பணியாளர்களில் 8 முதல் 38 விழுக்காட்டினர் தம் பணிக்காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் உடல் ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள். ஏச்சும் மிரட்டலும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும்.

அந்த அக்கா சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. வயதானவர் வேண்டுமென்று துப்பவில்லை. இரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும், கிருமித் தொற்றில் புத்தி தடுமாறினாலும், குடியைத் திடீரென நிறுத்தினாலும், சாதுவான மனிதரும் கை ஓங்குவார். அவர்மேல் குற்றமில்லை. அதனால் துப்பியது நடக்காமல் போய்விடாது. எச்சில் உங்கள் கண்ணில் பட்டிருந்தால் பரிசோதனை தேவை. அடுத்த ஷிப்டில் வருகிறவர் முகக்கவசம் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். எழுதிவைப்பது குற்றஞ்சாட்டுவது அல்ல. காய்ச்சல் அளவை அட்டையில் எழுதுகிறோமே, அது நோயாளியின்மேல் வைக்கும் குற்றச்சாட்டா?

ஆகவே வரைவை மாற்றினேன். பெயர்ச்சொல்லைப் பின்னால் தள்ளி, வினைச்சொற்களை முன்னால் கொண்டுவந்தேன். ஏசுவது, மிரட்டுவது, வழிமறிப்பது, துப்புவது, கிள்ளுவது, பொருளை எறிவது, அனுமதியில்லாமல் கைப்பேசியில் படம் பிடித்து மிரட்டுவது, தகாத இடத்தில் தொடுவது, தகாத பேச்சுப் பேசுவது. இவற்றில் எது நடந்தாலும் இந்தப் பயிற்சி அதை வன்முறை என்றே எடுத்துக்கொள்ளும். பாலியல் தொல்லைக்கு நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது, சட்டம் 840. நோயாளி செய்தாலும், உடன் வேலை செய்பவர் செய்தாலும், மேலதிகாரி செய்தாலும் அது தொல்லைதான்.

"அமைதியாக இருங்கள்" என்று சொன்னால்

கையேட்டில் நடித்துப் பார்க்கும் பயிற்சிகள் இருக்கின்றன. ஒருவர் கோபக்காரராக, மற்றவர் தாதியாக. தாதியின் முதல் வசனம் 'சிலா பெர்த்தெனாங்'. "தயவுசெய்து அமைதியாக இருங்கள்" என்று மொழிபெயர்த்திருந்தேன். இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஒருவர் அதைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். "இப்படிச் சொன்னா இன்னும் ரெண்டு அடி சேர்த்து வாங்கணும்."

அவர் என்ன சொல்வார் என்று கேட்டேன். "என்னா ஆச்சுண்ணே, சொல்லுங்க. அவ்ளோதான். அப்புறம் அவரு முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்கமாட்டேன். முடிச்சதும், 'அம்மாவ உள்ள பார்த்துக்கிட்டு இருக்காங்க, நான் போயி கேட்டுட்டு பத்து நிமிசத்துல வந்து சொல்றேன்'னு சொல்லுவேன். பத்து நிமிசத்துல போயி நிப்பேன். சேதி இல்லாட்டியும் போயி, 'இன்னும் சேதி இல்லண்ணே'ன்னு சொல்லுவேன்."

எனக்குத் தெரிந்து, சினம் தணிப்பது பற்றிய எந்தக் கையேட்டுப் பாடமும் இதைவிடத் தெளிவாக இல்லை. அவர் வசனத்தையே எழுதிக்கொண்டேன்.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். மலாய் வசனங்களில் 'ஆவாக்' என்று வந்த இடங்களில் சில சமயம் 'நீ' போட்டுவிட்டேன். நாடகம்போல இயல்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய பிழை என்று புரிய, பேராக்கின் பழைய தோட்டங்களை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

இன்று எழுபது வயதைத் தாண்டி, அவசரப் பிரிவில் சக்கர நாற்காலியில் காத்திருக்கும் பெரியவர் பன்னிரண்டு வயதில் பால்மரம் வெட்டத் தொடங்கியவராக இருக்கலாம். விடியற்காலைப் பெரட்டில் கங்காணி அவரை 'நீ' என்றார். கிராணி 'நீ' என்றார். துரைக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில் 'நீ'யும் ஒன்று. உடம்பு முடியாமல் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போனால், டிரசர் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "ஒனக்கு ஒன்னுமில்ல, போ வேலைக்கு" என்று அனுப்பியிருப்பார். டிரசர்களில் நல்லவர்கள் எத்தனையோ பேர். இரவு இரண்டு மணிக்கு லயத்துக்கு ஓடிவந்து பிரசவம் பார்த்தவர்களை மறக்க முடியாது. ஆனாலும் அன்றைய கூலி கிடைக்குமா கிடைக்காதா என்பது அவர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் இருந்தது. அந்தப் பெரியவருக்கு வெள்ளைச் சட்டை போட்டவர் சொல்லும் 'நீ' சாதாரணச் சொல் இல்லை. அவர் மகனுக்கும் அது தெரியும். அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தவன், தன் பேத்தி வயதுப் பெண் அப்பாவை "ஒக்காரு, ஒக்காரு" என்று சொல்வதைக் கேட்கிறான்.

அந்தப் பெண் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். தமிழ் நோயாளிக்கு உதவட்டுமே என்று, உடன் வேலை செய்பவரிடம் நாலு வார்த்தை கேட்டுக் கற்றவராக இருக்கலாம். நல்லெண்ணம்தான். நாம் கற்றுக் கொடுத்ததில்தான் குறை. 'வா, ஒக்காரு, வலிக்கா' என்று கற்றுக் கொடுத்தோம். 'வாங்க, ஒக்காருங்க, எங்க வலிக்குதுங்க' என்று கொடுத்திருக்க வேண்டும். இந்த 'ங்க'வைக் கற்றுக் கொடுக்க ஐந்து நிமிடம் போதும். நாளைக்கே உங்கள் வார்டில் செய்யலாம். நாமும் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெரியவரைப் 'பாச்சிக்' என்றோ, 'அங்கள்' என்றோதான் கூப்பிட வேண்டும், 'ஆவாக்' வேண்டாம்.

இதைச் சொன்னதும் ஒரு தாதி என்னை மடக்கினார். "அப்போ நாங்க மரியாதையா பேசாததாலதான் அடி வாங்குறோமா?" நியாயமான கேள்வி. இல்லை. மரியாதையாகப் பேசியவரும் அடி வாங்குகிறார். அடித்த கைக்கு அடித்தவரே பொறுப்பு. சொல் ஒரு பொறியைத் தவிர்க்கலாம்; கொட்டிக் கிடக்கும் பெட்ரோலை அது அள்ளிவிடாது.

அந்தப் பெட்ரோல் பெரும்பாலும் காத்திருப்பில் இருக்கிறது. நம் அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்கள் உண்டு. பச்சையில் இருப்பவர் மணிக்கணக்கில் காத்திருக்க நேரும். அவருக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போகிறார். எண் வாங்கி வரிசையில் நின்று பழகிய மனிதருக்கு அது அநியாயமாகத் தெரிகிறது. அஞ்சலகத்திலும் வங்கியிலும் அப்படி நடந்தால் அநியாயம்தான். 'இங்க நம்பர் வரிசை இல்லீங்க. யாரு உயிருக்கு ஆபத்தோ அவங்கள மொதல்ல பாக்குறாங்க. உங்கள இப்பவே கூப்பிடலன்னா, உங்க நெலம அவ்ளோ மோசமில்லன்னு அர்த்தம்.' இதை யாராவது தமிழில் வாய்திறந்து சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டிய அறிவிப்பை வலியில் துடிப்பவர் படிக்கமாட்டார்.

சொற்கள் பற்றி இன்னும் ஒன்று. உலு கிந்தாவின் பகாகியா மருத்துவமனை 1911-இலிருந்து தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மனநோயாளிகளைக் காக்கும் அந்த ஊரின் பெயரை நாடு முழுவதும் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். ஷிப்ட் மாறும்போது, "அது தஞ்சோங் ரம்புத்தான் கேசு, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எதைப் பார்த்துக்கொள்வது? "பின்னாலிருந்து தொட்டால் பயந்து கை ஓங்குகிறார், முன்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒத்துழைக்கிறார்" என்றால் அது தகவல். அடுத்து வருகிறவரின் பல்லைக் காப்பாற்றக்கூடிய தகவல்.

வீட்டுக்குப் போகிறவர்கள்

பழைய பயிற்சிகள் பெரும்பாலும் வார்டையும் அவசரப் பிரிவையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. பேராக்கில் அது போதாது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. ஆனால் உள்ளே இன்னும் லயத்து வீடுகள் இருக்கின்றன. பாதி காலி, பாதியில் வயதானவர்களும் வேறு வழியில்லாத குடும்பங்களும். பச்சைக் குழந்தையையும் தாயையும் பார்க்க அங்கே தனியாக மோட்டாரில் போகும் தாதியருக்கு ஜாகாவும் இல்லை, அலார மணியும் இல்லை. சில இடங்களில் கைப்பேசி அலைவரிசையும் கிடையாது. சாயங்காலம் என்றால் சம்சு குடித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

அவர்களிடம் கேட்டு எழுதியவை இவை. புறப்படும் முன் எந்த வீடு, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கிளினிக்கில் எழுதி வையுங்கள். அந்த நேரம் தாண்டினால் யார் போன் செய்வது என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். மோட்டாரைச் சாலையைப் பார்த்தபடி நிறுத்துங்கள். நாய் கட்டியிருக்கிறதா என்று வாசலிலேயே கேளுங்கள். உள்ளே போனால் கதவுக்குப் பக்கத்தில், வழி மறைபடாத இடத்தில் உட்காருங்கள். குடித்திருப்பவர் தடுத்தால் வாதாட வேண்டாம். "அப்புறம் வர்றேண்ணே" என்று திரும்பி வந்துவிடலாம். எடை பார்ப்பது நாளைக்கும் முடியும். ஒருமுறை மிரட்டல் நடந்த வீட்டுக்கு அடுத்த முறை இரண்டு பேராகப் போக வேண்டும். இந்தக் கடைசி விதி நடக்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை: முதல் முறை நடந்ததை யாராவது எழுதியிருக்க வேண்டும்.

பயிற்சியால் மட்டும் ஆகுமா

கேரளத்தின் கொட்டாரக்கராவில் 2023 மே 10-ஆம் நாள், காயத்துக்குக் கட்டுப் போட போலீசார் அழைத்து வந்த ஒருவர், அந்த அறையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, பணியிலிருந்த இளம் பெண் மருத்துவரைக் குத்திக் கொன்றார். 2024 நவம்பர் 13-ஆம் நாள் சென்னை கிண்டியில், அரசு மருத்துவமனை ஒன்றில் புற்றுநோய் மருத்துவரை, சிகிச்சை பெற்றுவந்த ஒரு தாயின் மகன் கத்தியால் குத்தினார். மருத்துவர் உயிர் பிழைத்தார். தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் 2008-இலிருந்தே இருக்கிறது. சட்டம் இருந்தும் நடந்தது. இங்கேயும் பொது ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தாக்கினால் குற்றவியல் சட்டத்தின் 353-ஆம் பிரிவு இருக்கிறது. அதுவும் தாக்குதல் நடந்த பிறகுதான் வரும்.

கொட்டாரக்கராவிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். தட்டில் கிடந்த கத்தரிக்கோல். சிகிச்சை அறையில் கைக்கெட்டும் இடத்தில் என்னென்ன இருக்கின்றன என்று இந்தப் பயிற்சியின் போது எழுந்து நின்று ஒருமுறை பாருங்கள். சொட்டு மருந்துக் கம்பி, சுடுதண்ணீர்க் கேத்தல், கண்ணாடிக் குவளை. கதவு எந்தப் பக்கம் திறக்கிறது? உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் யார் நிற்கிறார்?

பிடித்த கையிலிருந்து விடுபடும் உத்திகளைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். அவற்றை நேரில், பயிற்றுநரோடு செய்து பழகத்தான் முடியும். காகிதத்தில் படித்துவிட்டு முயலாதீர்கள்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். 2020-இல் கோக்ரேன் அமைப்பு இத்தகைய பயிற்சிகளைப் பற்றி 9 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்களின் அறிவு சிறிது காலத்துக்குக் கூடலாம். ஆனால் தாக்குதல்களின் எண்ணிக்கை அதனால் குறைகிறது என்று சொல்ல முடியவில்லை என்பதே முடிவு. இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. நான் எதற்காக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன்?

பிறகு இன்னோர் ஆய்வு கண்ணில் பட்டது. அமெரிக்காவில் 7 மருத்துவமனைகளின் 41 பிரிவுகளில் நடந்தது, 2017-இல் வெளியானது. பாதிப் பிரிவுகளுக்கு, அவரவர் பிரிவில் பதிவான சம்பவங்களின் கணக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். எந்த நேரம், எந்த இடம், என்ன வகை. பிரிவின் தலைவரும் ஊழியர்களும் அதைப் பார்த்து, தங்கள் இடத்தைச் சுற்றி நடந்து, தாங்களே ஒரு திட்டம் போட்டார்கள். ஆறு மாதத்தில் அந்தப் பிரிவுகளில் வன்முறைச் சம்பவங்கள் மற்றப் பிரிவுகளைவிடக் குறைவாக இருந்தன. இரண்டாண்டு முடிவில் காயங்களும் குறைவாக இருந்தன. அங்கே வேலை செய்தது கராத்தே இல்லை. ஊழியர்கள் எழுதிய அறிக்கை மேலே போய் மறைந்துவிடாமல், அவர்கள் வார்டுக்கே திரும்பி வந்தது.

அப்போதுதான் எனக்குத் தலைப்பு கிடைத்தது.

எப்படி எழுதுவது

படிவம் தேசிய மொழியில் இருக்கும். "கணவர் கோபமாகப் பேசினார்" என்று எழுதினால் அது எதையும் சொல்லாது. அவர் சொன்ன வார்த்தைகளை அப்படியே, தமிழிலேயே எழுதுங்கள். பக்கத்தில் பொருளை எழுதுங்கள். பொருளை எழுதும்போது கவனம். ஒரு பாதுகாவலர் எனக்குச் சொன்ன உதாரணம் இது. நோயாளியின் அண்ணன் ஒரு தாதியிடம், "வேல முடிஞ்சி வெளிய வருவல்ல, ஒன்ன நல்லா கவனிச்சிக்கிறேன்" என்றாராம். அதை யாரோ மலாயில், 'நன்றாகப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்' என்று சொல்லுக்குச் சொல் எழுதிவிட்டார். மேலதிகாரி படித்துவிட்டு, நல்லதுதானே என்று மூடி வைத்தார். 'பார்த்துக்கிறேன்', 'கவனிக்கிறேன்', 'யாருன்னு காட்டுறேன்' இவை மிரட்டல்கள் என்று தமிழர் எல்லாருக்கும் தெரியும். தமிழ் தெரியாதவருக்குத் தெரியாது. 'இது தமிழில் மிரட்டல்' என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

நேரம், இடம், அப்போது எத்தனை பேர் பணியில் இருந்தீர்கள், அதற்கு முன் என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், காயம் உண்டா, பொருள் உடைந்ததா. அன்றே எழுதுங்கள். கை நடுங்கினால் இன்னொருவரை எழுதச் சொல்லி நீங்கள் கையெழுத்துப் போடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் படிவத்துக்கு முன் 999.

எழுதினால் வேலைக்குப் பிரச்சினை வருமோ என்று கேட்டவர்கள் பெரும்பாலும் துப்புரவுப் பணியாளர்கள். 1997-இலிருந்து அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை போன்ற சேவைகள் தனியார் நிறுவனங்களிடம் இருக்கின்றன. தரை துடைக்கும் அக்கா மருத்துவமனைக்குள் நாள் முழுவதும் இருக்கிறார். ஆனால் மருத்துவமனையின் ஊழியர் இல்லை. பயிற்சிக்கு அழைப்பு வரும்போது அவர் பெயர் பட்டியலில் இருப்பதில்லை. கழிப்பறையில் யாராவது அவரை வழிமறித்தால், எந்தப் படிவம், யாரிடம் என்று அவருக்குத் தெரியாது.

இங்கே சட்டம் மாறியிருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், அதாவது சட்டம் 514, 2022-இல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. முதலாளி ஆபத்துகளை மதிப்பிட்டாக வேண்டும். குத்தகையாளரின் ஊழியர்களுடைய பாதுகாப்புக்கும் வேலையைக் கொடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும். ஊழியர்களின் பாதுகாப்பைக் கவனிக்கத் தவறும் முதலாளிக்கு விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, சொல்லியும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்திலிருந்து விலகிக்கொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. இது 26ஏ பிரிவு. எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாதிக்கும் துப்புரவு அக்காவுக்கும் ஜாகாவுக்கும் ஒரே எண்தான்.

நடந்த பிறகு தூக்கம் வரவில்லை, வார்டுக்குள் நுழையும்போது நெஞ்சு படபடக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசி எண் 15555. பணியாளர்களும் அழைக்கலாம்.

வரைவு முடிந்ததும் படிவ விளக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. "இந்த மாதிரி ஒன்னு அப்ப இருந்திருந்தா நீங்க என்னாம்மா எழுதியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"என்னாத்த எழுத. எனக்கு ஒன்னும் நடக்கலையே" என்றார். எழுந்து போய்த் தேநீர் கலக்கினார். திரும்பி வந்து குவளையை வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"எட்டாம் நம்பர் கட்டிலு. சாயங்காலம், ஆளுங்க பாக்க வர்ற நேரம் முடியப் போவுது. வார்டுல நாங்க ரெண்டே பேரு. பாட்டிக்கு பெட்பேன் கொண்டு போக லேட்டாயிருச்சு. மவன் வந்து ஒரே அறை. கண்ணாடி கீழ விழுந்து ஒடஞ்சிருச்சு. சிஸ்டர் பாத்தாங்க. புதுக் கண்ணாடிக்கு நாந்தான் காசு கட்டினேன்."

நேரம், இடம், எத்தனை பேர் பணியில், முன்னால் என்ன நடந்தது, யார் பார்த்தார்கள். படிவத்தில் உள்ள எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. பொருள் சேதம் என்ற கடைசிக் கட்டத்துக்காக, எவ்வளவும்மா என்று கேட்டேன்.

"நூத்தி எம்பது வெள்ளி" என்றார்.